ஒச்சாயியின் இடது முழங்கால்

இது ஒரு முழங்காலின் கதை. முழங்காலுக்குச் சொந்தக்காரி ஒச்சாயி. அதைக் கெடுத்தவர்கள் மூன்று பேர். மூவரில் ஒருவர்கூட அவளை அடிக்கவில்லை, உதைக்கவில்லை, கைநீட்டித் தள்ளக்கூட இல்லை. கேள்வி கேட்டார்கள், அவ்வளவுதான்.

தொண்ணூற்று மூன்றாம் வருடம் அது. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்துக் கொழித்தவர்களுக்கெல்லாம் பணத்தோடு ஏதாவதொரு கிறுக்கும் சேர்ந்தே வந்தது. ஒருவர் கோயில் கட்டினார், இன்னொருவர் பேரனுக்குக் குதிரை வாங்கினார். கன்னையன் முதலாளி பெண்கள் கபடிக் குழு வைத்தார். அதற்கு முதல் காரணம், அவருடைய சம்சாரத்தின் அண்ணன் ஏற்கெனவே ஒரு குழு வைத்திருந்தார் என்பதுதான். ஆடுகிற பெண்களுக்குக் காலையில் தைத்த பனியனைச் சரிபார்க்கிற செக்கிங் பிரிவில் வேலை, மாலையில் சாயப்பட்டறைக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் பயிற்சி. ஆடுகிற வரைக்கும் வேலை, ஆட முடியாவிட்டால் ஊருக்குப் பஸ். இதை யாரும் ஒளித்துவைக்கவில்லை. சேரும் நாளிலேயே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார்கள்.

குழுவுக்குக் காயம் பார்க்கிறவன் ராசப்பன். சேவூர்க்காரன், நாற்பத்தைந்து வயது. மில் குழுக்களில் கபடி ஆடி, பிறகு மசாஜ் கற்று, கட்டுப்போடக் கற்று, பிள்ளைகளின் நடையைப் பார்த்தே எந்த நரம்பு பிசகியிருக்கிறது என்று சொல்கிற அளவுக்கு வந்தவன். கட்டுத் துணிக்கு அவனுக்குப் பஞ்சமே கிடையாது. கட்டிங் மேசையடியில் விழும், இழுத்தால் நீளுகிற ரிப் துணியைப் பட்டை பட்டையாக நறுக்கி வைத்துக்கொள்வான். கம்பெனி லைன் வீட்டில் ஒரு அறை, சம்சாரம் செல்லாத்தாள் அதே கம்பெனியில் பேக்கிங். நல்ல கைக்காரன். அதை மறுக்க முடியாது. மறுக்க முடியாததால்தான் வயிறு எரிகிறது.

போன வருடம் அவனுக்கு ஒரு மானக்கேடு நடந்தது. மயிலாள் என்ற பெண் தோள் வலிக்கிறது என்று வந்தாள். ராசப்பன் அமுக்கிப் பார்த்து, "ஆடலாம் கண்ணு" என்றான். அன்று சாயந்திரமே ஆட்டத்தில் தோள் கழன்று தொங்கியது. கோப்பை முதலாளி சம்சாரத்தின் அண்ணன் வீட்டுக்குப் போனது. மறுநாள் கன்னையன் முதலாளி செக்கிங் பிரிவில் அத்தனை பெண்களையும் வைத்துக்கொண்டு, "ஆடலாம்னு சொன்னது ஆரு?" என்று கேட்டார். "நானுங்க" என்றான் ராசப்பன். ஷிப்ட் உள்ளே வருகிற நேரம் முழுக்க கேட்டில் நிற்கச் சொன்னார். நின்றான். உள்ளே போன ஒவ்வொருத்தியும் அவனைப் பார்த்துவிட்டுத்தான் போனாள், செல்லாத்தாள் உட்பட. இனி ஒரு தடவை தப்பாகச் சொன்னால் வீட்டையும் காலி செய்துகொண்டு போகலாம் என்று முதலாளி சொல்லியனுப்பினார்.

அன்றிலிருந்து அவன் வாய் திறக்கவே பயந்தான். பிள்ளைகள் வந்து "ஆடலாமாண்ணா?" என்று கேட்டால் துணி நறுக்குகிற சாக்கில் குனிந்துகொள்வான். கை சொல்கிற பதில் நாக்குக்கு வந்து நின்றுவிடும்.

அந்தச் சமயத்தில்தான் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியிலிருந்து முதலாளிக்குத் தகவல் வந்தது. பிசியோதெரபி படிக்கிற பிள்ளைகளைக் குழுக்களுக்கு அனுப்பி, காயம் பார்க்கப் பழக்குகிறார்களாம். அனுப்ப வேண்டுமென்றால் குழுவில் இருக்கிற பழைய ஆட்கள் முதலில் ஒரு வாரம் வந்து பயிற்சி எடுக்க வேண்டுமாம். படிக்கிற பிள்ளையை எப்படி மேற்பார்க்க வேண்டும், எப்படித் திருத்த வேண்டும் என்று சொல்லித் தருவார்களாம். சும்மா வருகிற டாக்டரை யார் வேண்டாம் என்பார்கள்? முதலாளி ராசப்பனைப் பஸ் ஏற்றிவிட்டார்.

வகுப்பில் இருந்தவர்கள் எல்லாம் ராசப்பன் மாதிரிதான். மில் குழுக்களில் நரைத்துப்போன மசாஜ் ஆட்கள், ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர்கள். பாடம் எடுத்த அம்மா கண்டிப்பானவர், ஆனால் விஷயம் தெரிந்தவர். முதல் நாளே ஒருவனைப் பெஞ்சில் படுக்கவைத்து, ஒருவனை மாணவனாக நடிக்கச் சொல்லி, இன்னொருவனை மேற்பார்க்கச் சொன்னார். மேற்பார்க்கிறவன் கை சும்மா இருக்குமா? மாணவன் கணுக்காலைத் தொடும் முன்னே இவன் பாய்ந்து பிடித்துவிட்டான். அடுத்தவனும் அப்படியே. அந்த அம்மா எழுந்து வந்து, ஒரு கிரேப் பேண்டேஜை எடுத்து, மேற்பார்க்கிறவர்களின் கையைப் பின்னால் வைத்து நிஜமாகவே கட்டிவிட்டார்.

"உங்க கை முந்திக்குது. அதனால பசங்க கை கத்துக்கவே மாட்டேங்குது. பதிலைச் சொல்லாதீங்க, கேள்வி கேளுங்க. 'உனக்கு என்ன தோணுது?'ன்னு கேளுங்க. அவங்களே சொல்லட்டும், அவங்க சொன்னதுக்கு அவங்களே பொறுப்பு எடுத்துக்கட்டும்."

மற்றவர்கள் சிரித்தார்கள். ராசப்பன் சிரிக்கவில்லை. கை கட்டப்பட்டு நின்றவனுக்கு அப்போதுதான் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. கேள்வி கேட்கிறவனைக் கேட்டில் நிற்கவைக்க யாராலும் முடியாது. பதில் சொன்னவன்தானே நிற்க வேண்டும்? இத்தனை வருடம் இது தெரியாமல் போனதே என்று அவன் தன்னையே நொந்துகொண்டான்.

அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். "காயம் பட்டவங்களுக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா அந்த நிமிஷமே கைக்கட்டை அவுத்துட்டுப் போய்ப் பிடிங்க. அப்ப கேள்வியும் வேண்டாம், பாடமும் வேண்டாம்." இது ராசப்பன் காதில் விழவில்லை என்று சொல்ல முடியாது. நன்றாகவே விழுந்தது. திருப்பூர் பஸ்ஸில் ஏறும்போது அதை மட்டும் கோயமுத்தூரிலேயே விட்டுவிட்டு வந்தான்.

அடுத்த மாதம் நவமணி வந்தாள். தாராபுரத்துப் பெண், மாதா கோயில் பள்ளியில் மணியடிக்கிறவரின் மகள். ஒல்லியாக, சுத்தமாக, பேசும்போது எதிராளி முகத்தையே பார்க்கிற பெண். இதற்கு முன் ஒரு மில் குழுவில் அவளைப் போட்டிருந்தார்கள். அங்கே கோச்சுக்கு எதிராக ஏதோ சொல்லி, வாய்க்கொழுப்பு என்று பேர் வாங்கித் திரும்பியிருந்தாள். இங்கேயும் நல்ல பேர் வாங்காவிட்டால் ஒரு வருடம் போய்விடும். அந்தப் பேரைக் கல்லூரிக்கு எழுதிக் கொடுக்க வேண்டியவன் ராசப்பன்.

அவன் அவளைத் திட்டவில்லை, விரட்டவில்லை. கேள்வி கேட்டான். அவள் ஐஸ் வைத்தால், "ஐஸ் எதுக்கு கண்ணு?" என்பான். அவள் சரியாகக் காரணம் சொன்னால், "நிச்சயமாத் தெரியுமா?" என்பான். நிச்சயம்தான் என்றால், "அப்ப போன வாரம் எதுக்கு வெக்கல?" என்பான். கை மட்டும் பின்னாலேயே இருக்கும். அவள் செய்தது சரியா தப்பா என்று ஒரு நாளும் அவன் சொன்னதில்லை. தலையை ஆட்டினால்கூடப் பதில் ஆகிவிடுமே, ஆட்டுவானா? வந்த புதிதில் துணிச்சலாகக் கட்டுப்போட்ட பெண், மாதம் முடிவதற்குள் கட்டின கட்டையே அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். பிள்ளைகள் அவளைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

ஒச்சாயி மட்டும் சிரிக்கவில்லை. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண், பத்தொன்பது வயது, குழுவில் பாடிப்போகிறவர்களில் அவள்தான் முதல். எதிராளி கோட்டுக்குள் போனால் ஒருத்தியையாவது தொடாமல் திரும்ப மாட்டாள். அவளைக் கொண்டுவந்து விட்ட அன்று அவள் அம்மா ராமாயி, ராசப்பனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "எனக்கு இவ ஒருத்திதேன்யா. இவ காலு கையி ஒம்ம பொறுப்பு" என்றாள். அன்றைக்கு ராசப்பன், "என்ற பொண்ணு மாதர பாத்துக்கறனுங்க" என்று சொன்னான். சொன்னபோது அதை நினைத்துத்தான் சொன்னான், பாவி.

பைனல் ஞாயிற்றுக்கிழமை, அவிநாசிபாளையத்தில். எதிரணி யார்? முதலாளி சம்சாரத்தின் அண்ணன் குழுவேதான். வியாழக்கிழமைப் பயிற்சியில் ஒச்சாயி பாடிப்போய்த் திரும்பியபோது இடது காலில் 'டப்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்றவளுக்கே கேட்டது. விழுந்தாள், எழுந்தாள், நொண்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே வந்தாள். ஓரத்தில் நின்ற ராசப்பன் அவள் நாலடி வைப்பதைப் பார்த்தான். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உள்ளே இருக்கிற தசைநார் அறுந்திருக்கிறது. மயிலாள் விஷயத்தில் ஏமாந்தவன் இதில் ஏமாறவில்லை. தெரிந்ததும் அவன் செய்த முதல் காரியம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டதுதான்.

நவமணி அவளைப் பெஞ்சில் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, கெண்டைக்காலை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தாள். மேசை டிராயர் மாதிரி கால் முன்னால் வந்தது. வலது காலை இழுத்துப் பார்த்தாள், அது அசையவில்லை. மறுபடி இடது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"சார், லூசா இருக்குங்க சார். உள்ளார அறுந்திருச்சுன்னு நெனைக்கறனுங்க."

"நெனைக்கறியா, தெரியுமா கண்ணு?"

"நீங்க ஒருக்கா புடிச்சுப் பாருங்க சார்."

"நான் புடிக்கறதுக்கா உன்னைய அனுப்பிச்சிருக்காங்க? உனக்கு என்ன தோணுது, அதைச் சொல்லு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒச்சாயி தலையைத் தூக்கி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏண்ணே, பெரிசா ஒண்ணும் இல்லல்ல?" என்றாள். நவமணி ராசப்பனைப் பார்த்தாள், ராசப்பன் மைதானத்தைப் பார்த்தான்.

சனிக்கிழமை மத்தியானம் கன்னையன் முதலாளியே மைதானத்துக்கு வந்துவிட்டார். குழு முழுக்க வரிசையாக நின்றது. முழங்கால் அதற்குள் பலாக்கொட்டை போட்ட பை மாதிரி வீங்கியிருந்தது. ரிப் துணியால் இறுக்கிச் சுற்றி, அதன் மேல் பாண்ட்டை இழுத்து விட்டிருந்தாள் ஒச்சாயி. வீக்கம் தெரிந்துவிட்டால் எங்கே ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் அவளுக்கு.

"ஏப்பா ராசப்பா, இவ ஆடுவாளா மாட்டாளா?" என்றார் முதலாளி.

ராசப்பனுக்குப் போன வருடத்துக் கேட் கண்ணில் வந்தது. "இப்ப நான் மேற்பார்வை மட்டுந்தானுங்க. வைத்தியம் பாக்கறது இந்தப் பாப்பாதானுங்க. பாப்பா சொல்லட்டுங்க" என்றான்.

முதலாளி நவமணி பக்கம் திரும்பினார். அவள் எச்சில் விழுங்கிக்கொண்டு, "ஆடக் கூடாதுங்க. ரெஸ்ட் வேணுங்க, மாசக்கணக்குல. அதுக்கு மேல ஆபரேசன் தேவைப்பட்டாலும் படுங்க" என்றாள். சொல்லிவிட்டாள், தைரியசாலிதான். அந்த இடத்தில் ராசப்பன் ஒரே ஒரு வார்த்தை, "ஆமாங்க" என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒச்சாயிக்கு வேலை போயிருக்கலாம். கால் மிஞ்சியிருக்கும்.

முதலாளி ராசப்பனைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று ராசப்பனுக்குத் தெரியும். மெதுவாக, பாசமாக, அவன் அந்தப் பெண்ணிடம் கேட்க ஆரம்பித்தான்.

"அறுந்திருச்சுன்னு படம் எடுத்துப் பாத்தியா கண்ணு?"

"இல்லீங்க சார்."

"வெறும் வீக்கமா இருந்து, நாம ஆட வுடாம, கோப்பை போச்சுன்னா அதுக்கு ஆரு பொறுப்பு?"

அவள் ஒச்சாயியின் முழங்காலைப் பார்த்தாள்.

"போன மில்லுலயும் இப்படித்தான் ஏதோ சொன்னயாமா? அப்ப நீ சொன்னது சரியாப் போச்சா?"

அவள் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. "ஆபத்துன்னா நீங்களே தொட்டுப் பாக்கலாம்னு எங்க மேடம் சொல்லியிருக்காங்க சார். ஒரே ஒருக்கா தொட்டுப் பாருங்க" என்றாள். கெஞ்சினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஆபத்தா, இல்லையா? உனக்கு என்ன தோணுது?" என்றான் ராசப்பன்.

மனசாட்சி என்ற ஒன்று அவனுக்குள் அப்போது இருந்ததா? இருந்தது. பின்னால் ஒன்றையொன்று பிடித்திருந்த விரல்கள் நோவெடுத்தன. பதினைந்து வருடப் பழக்கம், கை முழங்காலைப் பார்த்துப் போகத்தான் துடித்தது. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். என் வீடு, என் சோறு என்று நினைத்துக்கொண்டான்.

நவமணி முதலாளியைப் பார்த்தாள், ராசப்பனைப் பார்த்தாள், சுற்றி நின்ற பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு ஒச்சாயி பக்கம் திரும்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் மெல்லப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டாள். ஒரு மாதமாகப் பார்த்த பாடம், எவ்வளவு சுத்தமாகப் படிந்திருக்கிறது பாருங்கள்.

"உனக்கு என்ன தோணுது ஒச்சாயி? உன்னால ஆட முடியுமா?" என்று கேட்டாள்.

ஒச்சாயிக்குப் பின்னால் யாரும் இல்லை. அவள் யாரிடம் போய்க் கேட்பாள்? முதலாளி முகத்தைப் பார்த்தாள். உசிலம்பட்டியில் இருக்கிற அம்மாவை நினைத்துக்கொண்டிருப்பாள்.

"ஆடுவேன்க்கா. வலியே இல்ல" என்றாள்.

"அவளே சொல்லிட்டா, அப்பறம் என்னப்பா?" என்று முதலாளி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ராசப்பன் மூச்சு விட்டான். அன்று மத்தியானம் செல்லாத்தாள் போட்ட சோற்றை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

ஞாயிறு சாயந்திரம் அவிநாசிபாளையத்தில் ரோட்டோரம் அத்தனை கூட்டம். ஒச்சாயி முதல் பாதியை எப்படியோ ஓட்டினாள், வலது காலிலேயே பாதி ஆடினாள். கடைசி நிமிடங்களில் இரண்டு அணியும் சமமாக நின்றன. பாடிப்போனாள். ஓரத்தில் நின்றவளைத் தொட்டுவிட்டுச் சடக்கென்று திரும்பினாள். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. ஒருத்தியும் அவளைப் பிடிக்கவில்லை, விரல்கூட மேலே படவில்லை. முழங்கால் பக்கவாட்டில் மடங்கிப்போய், கீழ்க்கால் வேறு யாருடைய காலோ மாதிரி கிடந்தது. அவள் போட்ட அலறலில் பாட்டுச் செட்டுக்காரன் செட்டை நிறுத்திவிட்டான். விழுந்த வாக்கில் கை மட்டும் நடுக்கோட்டைத் தொட்டிருந்தது. நடுவர் விசில் ஊதி அந்தப் புள்ளியைக் கொடுத்தார். அந்தப் புள்ளியில் கோப்பை வந்துவிட்டது.

பிள்ளைகள் குதித்தார்கள். கன்னையன் முதலாளியைத் தோளில் தூக்கினார்கள். சம்சாரத்தின் அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. இந்தக் கூத்துக்கு நடுவில் ஒச்சாயியை மைதானத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்தவர்கள் எதிரணிப் பெண்கள் இரண்டு பேர்.

கல்லூரியிலிருந்து அந்த அம்மா வந்து விசாரித்தார். "நீங்க தொட்டுப் பாக்கலியா?" என்று ராசப்பனைக் கேட்டார்.

"நீங்க சொல்லிக் குடுத்தாப்பலயே கையக் கட்டிட்டு நின்னனுங்க."

"ஆபத்துன்னா அவுத்துடணும்னு சொன்னேனே."

"ஆபத்துன்னு கடைசில ஆருமே சொல்லலீங்களே" என்றான். அவர் அவனிடமிருந்து திரும்பிக்கொண்டார். பிறகு நவமணியைக் கேட்டார். இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதுகொண்டு கிடந்த பெண், மூன்றாம் நாள் முகம் கழுவி, தலை சீவி வந்திருந்தாள். "ஆட்டக்காரரோட விருப்பம் மேடம். கேட்டுட்டுத்தான் விட்டோம்" என்றாள். குரலில் நடுக்கம் இல்லை. ராசப்பன் அவளுக்கு நல்ல பேர் கொடுத்தான். பாக்கி வைக்காமல் கொடுத்தான்.

ஒச்சாயிக்கு வேலை போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, இனி சம்மணம் போட்டு உட்காருவதே கஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்கு அனுப்புகிற அன்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனவன் ராசப்பன். முதலாளி அனுப்பினார், போனான். தானாகப் போகிற ஆளா அவன்?

உசிலம்பட்டிப் பக்கம் போகிற பஸ் நின்றுகொண்டிருந்தது. ஒச்சாயி கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு, இன்னொரு கையில் துணிப்பையோடு நின்றாள். பாண்ட்டின் இடது காலை மாவுக்கட்டுக்காகத் தையல் பிரித்து விட்டிருந்தது.

"அண்ணே, எம்மேல கோவமாண்ணே?" என்றாள்.

"எதுக்கு?"

"நாந்தானே ஆடுறேன்னு சொன்னேன். அக்கா அப்பவே வேணாம்னுச்சு. என்னாலதேன் ஒங்களுக்கும் அந்தக்காவுக்கும் கெட்ட பேரு. அம்மாட்டயும் அப்படித்தேன் சொல்லப்போறேன், தப்பு எந்தப்புத்தேன்னு. நீங்க மனசுல வச்சுக்கிறாதீங்கண்ணே."

ராசப்பன் அவள் முகத்திலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டான். வெட்கமாக இருந்தது, மெய்யாகவே இருந்தது. அந்த வெட்கத்தோடு கூடவே, ராமாயி வந்து கேட்க மாட்டாள் என்ற நிம்மதியும் இறங்கியது. எது பெரியது என்று அவனைக் கேட்டால் சொல்லியிருக்க மாட்டான்.

"செரி செரி. இனிமேலாச்சும் ரோசன பண்ணிப் பேசு கண்ணு" என்றான்.

கண்டக்டர் விசிலைக் கையில் எடுத்தார். ஒச்சாயி படியில் கட்டையை வைத்தாள், கால் ஏறவில்லை. மறுபடி வைத்தாள், மறுபடியும் வழுக்கியது. ராசப்பன் கை பின்னாலேயே இருந்தது, பழகிப்போயிருந்தது. கண்டக்டர்தான் இறங்கி வந்து, இடுப்பில் கை கொடுத்து அவளைத் தூக்கி உள்ளே விட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து, கட்டையை மடியில் கிடத்திக்கொண்டு, அவள் வெளியே தலையை நீட்டினாள்.

"அண்ணே, நெசத்தச் சொல்லுங்க. இந்தக் காலு பழையபடி ஆயிருமாண்ணே? மறுக்கா ஆடலாமா?"

திருப்பூரிலேயே அந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். வியாழக்கிழமை அவள் வைத்த நாலடியிலேயே தெரிந்துகொண்டவன். முகத்தை அண்ணாந்து அவளைப் பார்த்தான்.

"உனக்கு என்ன தோணுது?" என்றான்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஆயிரும்னுதாண்ணே தோணுது" என்றாள்.

"அப்பச் செரி" என்றான். பஸ் கிளம்பியது.